அஞ்சே நிமிசம் சாமி

அக்டோபர் 29, புதன்

இது போன வருஷத்து டைரி. அப்பா வேலை பார்க்கும் உரக்கடையில் மீந்தது. எல்லாத் தேதிக்கும் கிழமை ஒருநாள் தள்ளி அச்சாகியிருக்கிறது. நானே அடித்துத் திருத்திக்கொள்கிறேன். ஆக முதல் பக்கமே பிழை திருத்தம். பன்னிரண்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் சயின்ஸ் சுடர்விழிக்கு இதைவிடப் பொருத்தமான டைரி கிடைக்காது.

இன்று எங்கள் ஸ்கூல் பஸ் பக்கம் ஓட ஆரம்பித்தது. நானும் ஹசீனாவும் செய்த ப்ராஜெக்ட். பஸ்ஸில் ஒரு போன் இருக்கும். நிமிஷத்துக்கு ஒருமுறை, தான் இருக்கும் இடத்தைச் சர்வருக்குச் சொல்லும். வீட்டில் இருப்பவர்கள் பஸ் நம்பரைப் போட்டுக் கேட்டால் சர்வர் 'கிண்' என்ற சத்தத்தோடு ஒரு வரியில் பதில் தரும். ஓட்டல் சர்வர் மாதிரியேதான், கேட்டதைக் கொண்டுவரும், இல்லாததை இல்லை என்று சொல்லும். எங்கள் ஊர் ஓட்டல் சர்வர் அதைக்கூடச் சொல்ல மாட்டார்.

ஒரே சிக்கல். ஏதாவது கோளாறு என்றால் பக்கம் சிவப்பாகி, 500 என்ற எண்ணும் நாலு வரி இங்கிலீஷும் வருகிறது. அதைப் பார்த்து ஒரு அம்மா பதறிப்போய் ஸ்கூலுக்கே ஓடிவந்துவிட்டார். "பஸ்ஸுக்கு என்னமோ ஆகிப்போச்சுங்களா மிஸ்?"

ஜெனிஃபர் மிஸ் எங்களைக் கூப்பிட்டார். "பேரன்ட்ஸ் பயப்படாத மாதிரி மாத்துங்கடீ. தமிழ்ல, நல்ல வார்த்தையா."

நல்ல வார்த்தைக்கு என்னிடம் பஞ்சமா?

அக்டோபர் 30, வியாழன்

இன்று லேபில் என் கைவண்ணம்.

இல்லாத பஸ் நம்பரைப் போட்டால்: "இந்த நம்பர்ல பஸ் இல்லீங்க. இருக்கற பஸ்ஸையே தள்ளித்தான் ஸ்டார்ட் பண்றோம்."

நம்பருக்குப் பதில் எழுத்தைப் போட்டால்: "நம்பர் கேட்டா பேரு சொல்றீங்களே, கல்யாணப் பத்திரிகையா அடிக்கறோம்?"

கடைசியாக, வேறு என்ன கோளாறு வந்தாலும் அத்தனையையும் மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு வலை. போனில் சார்ஜ் போனால், சிக்னல் போனால், சர்வருக்குப் பஸ் எங்கே என்றே தெரியாவிட்டால் எல்லாம் அதில்தான் வந்து விழும். அதற்கு என்ன எழுதலாம் என்று யோசித்தபோது வேலாத்தாக்கா ஞாபகம் வந்தது.

வேலாத்தாக்கா எங்கள் ஏழாம் நம்பர் பஸ்ஸின் அட்டெண்டர். குழந்தைகளை ஏற்றி இறக்குவது அவர் வேலை. பஸ் போனும் அவரிடம்தான் இருக்கும். பஸ் எங்கே நின்றாலும், டயர் வெடித்தாலும், ரயில்வே கேட் போட்டிருந்தாலும் ஒரே வசனம். அதை அப்படியே தட்டினேன்:

"இதோ வந்துட்டோம் சாமி, அஞ்சே நிமிசம்! பயப்படாதீங்க. – வேலாத்தா"

ஹசீனா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எரர்னா எரர்னு சொல்லணும்டி. இது எரர் மாதிரியே இல்லையே" என்றாள்.

"அதுக்குப் பேருதான் நல்ல வார்த்தை."

"சரி, எண்ணாவது ஐந்நூறு வச்சுக்கோ. பக்கம் சிவப்பாகட்டும்."

நான் 200 போட்டேன். 200 என்றால் எல்லாம் நலம், பக்கம் பச்சை. வேலாத்தாக்காவுக்குப் பச்சைதான் எடுப்பு.

மிஸ் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "க்யூட்டா இருக்கு" என்றார்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்யாணப் பத்திரிகை ஜோக் பேரன்ட்ஸ் வாட்ஸப் குரூப்பில் சுற்றுகிறது. யாரோ ஒரு அப்பா வேண்டுமென்றே எழுத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார். புகழ் சும்மா வருமா!

மலையில் நல்ல மழையாம். காக்காப்பள்ளத்தில் தண்ணீர் வருகிறது. எங்கள் வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் நடுவில் அந்தப் பள்ளம், அதன் மேல் ஒரு தரைப்பாலம். இரண்டு மழைக்கே தண்ணிப்பாலம் ஆகிவிடும். எனக்கு அந்தப் பாலத்தைக் கண்டால் சின்ன வயதிலிருந்தே பயம். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

காலை. தெர்மாமீட்டரை டீயில் முக்கி நூற்றிரண்டு காட்டினேன். பிசிக்ஸ் டெஸ்டுக்கு டாட்டா. தங்கச்சி தேனு மட்டும் பஸ்ஸில் போனாள். மூன்றாம் வகுப்புக்காரிக்குச் சொந்தக் காய்ச்சல் செய்துகொள்ளத் தெரியாது, பாவம்.

4.35. செம மழை. நாலரைக்கு வரவேண்டிய பஸ் இன்னும் வரவில்லை. பக்கம் பச்சையாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 5, புதன்

தேனு பிழைத்துவிட்டாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பஸ் நேற்று நாலேகாலுக்குத் தரைப்பாலத்தில் இறங்கியபோது தண்ணீர் முட்டியளவு. நடுவில் இன்ஜின் நின்றுவிட்டது. மேலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. டிரைவர் பொன்னுசாமி அண்ணன் டிராக்டர் கொண்டுவர ஸ்கூல் பக்கக் கரைக்கு நீந்தி ஏறி ஓடினார். பஸ்ஸுக்குள் பதினாலு பிள்ளைகளும் வேலாத்தாக்காவும். அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி சீட்டின் முதுகில் உட்கார வைத்திருக்கிறார். எல்.கே.ஜி. சஹானா வழுக்கி விழுந்து தண்ணீர் குடித்துவிட்டாள். ஆறு மணிக்குத்தான் டிராக்டர் வந்தது. சஹானா ஈரோட்டில் ஐ.சி.யூ.வில் இருக்கிறாள்.

ஒன்றே முக்கால் மணி நேரம். எங்கள் ஊரிலிருந்து யாரும் போகவில்லை. அம்மா நாலரையிலிருந்து வாசலுக்கும் தையல் மிஷினுக்குமாக நடந்துகொண்டிருந்தார். யாருக்கும் தெரியாதே. எனக்கும்தான். என் போன் சார்ஜில் கிடந்தது. நான் பார்க்கவில்லை.

தேனு பேசவே மாட்டேன் என்கிறாள். தண்ணீர் டம்ளரைக் கொடுத்தால் தள்ளிவிடுகிறாள்.

நவம்பர் 6, வியாழன்

ஸ்கூல் திறந்தது. பிரேயர் நேரத்தில் லேபில் கொஞ்சம் சுத்தம் செய்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

வாட்ஸப் குரூப்பில் சஹானாவின் அம்மா ஒரு படம் போட்டிருக்கிறார். அன்றைக்கு அவர் போனில் எடுத்து வைத்தது. மேலே நேரம் 4.52. பச்சைப் பக்கம். "இதோ வந்துட்டோம் சாமி, அஞ்சே நிமிசம்! பயப்படாதீங்க. – வேலாத்தா."

கீழே எழுதியிருந்தார்: "ஆறு தடவை பாத்தேன். ஆறு தடவையும் இதேதான். என் வீட்லேர்ந்து பாலம் ஒரு கிலோமீட்டர். இதை நம்பி உக்காந்திருந்தேன்."

இந்த நாலு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 

அதற்குக் கீழே எண்பது பேர். பிள்ளைகள் தண்ணியில நிக்கிறப்ப இந்தப் பொம்பளை போன் நோண்டிட்டிருந்திருக்கா. பொய் மெசேஜ் போட்டிருக்கா. விடாதீங்க.

எங்கள் தாளாளரை நாங்கள் கரஸ் என்போம். கரஸ் சாயங்காலமே வேலாத்தாக்காவை சஸ்பெண்ட் செய்துவிட்டார். அக்கா, "நான் எதுவும் அனுப்பலீங்க, போனு நனைஞ்சு அப்பவே செத்துப்போச்சுங்க" என்றாராம். கரஸ் படத்தைக் காட்டி, "இது உன்ற பேச்சா இல்லையா?" என்று கேட்டாராம்.

"பேச்சு என்றதுதானுங்க."

"அப்பறமென்ன?"

இதையெல்லாம் வாட்ச்மேன் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். சஹானாவின் அப்பா போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இதில் ஜோக் அடிக்க ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இதுதான் முதல் தடவை, ஒன்றும் அகப்படவில்லை.

நவம்பர் 8, சனி

ஹசீனா வீட்டுக்கு வந்தாள். மாடிக்குக் கூட்டிப்போனாள். உட்காரவில்லை.

"நேத்து அந்தப் படத்தைப் பாத்துட்டு நம்ம ப்ரோக்ராம் கோடைத் தொறந்தேன். அந்த வரியக் காணோம்."

"எந்த வரி?"

"சுடரு, எங்கிட்டயே நடிக்காத. வியாழக்கிழமை ஒன்பது பத்துக்கு நீ அழிச்சிருக்க. அழிச்சதும் பதிவாகும்டி. பேரோட, நேரத்தோட. நீ போட்டதும் இருக்குது, எடுத்ததும் இருக்குது."

எனக்கு இது தெரியும். நாம் எழுதும் கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் கம்ப்யூட்டர் தனியே எழுதி வைத்துக்கொள்ளும், முதல் பாடமே அதுதான். ஆனால் வியாழக்கிழமை என் கைக்கு அது தெரியவில்லை.

"யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டேன். கேட்டுமுடித்த பிறகுதான் என்ன கேட்டேன் என்று புரிந்தது.

ஹசீனா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நான் சொல்ல மாட்டேன். ப்ராஜெக்ட்ல என்ற பேரும் இருக்குதே, எங்க அத்தா வெட்டிப்போட்டுருவாரு. ஆனா நீ சொல்லிரு."

"சொன்னா என்னை உள்ள வச்சிருவாங்க."

"இப்ப அந்தக்காவ வச்சிருவாங்க."

நவம்பர் 10, திங்கள்

விசாரணை. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கரஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். தேனுவோடு அம்மாவும் நானும் போனோம். ஒரு போலீஸ் அக்கா மண்டி போட்டு உட்கார்ந்து அன்பாகத்தான் கேட்டார்.

"பஸ்ஸுக்குள்ள வேலாத்தா ஆன்ட்டி என்ன சொன்னாங்க பாப்பா?"

ஆறு நாளாக வாயைத் திறக்காத தேனு திறந்தாள். "அஞ்சே நிமிசம் சாமி, பயப்படாதீங்கன்னு."

"எத்தனை தடவை?"

"சொல்லிட்டே இருந்தாங்க. கையத் தொடற வரைக்கும் தண்ணி வந்தப்பவும் சொன்னாங்க. நானும் அஞ்சஞ்சா எண்ணிட்டே இருந்தேன்."

கரஸ் போலீஸ் அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார். எழுதிக்கொண்டார்கள். உள்ளே சொன்னதும் அதேதான், போனில் வந்ததும் அதேதான். அத்தாட்சி முடிந்தது.

வெளியே வந்ததும் தேனு கேட்டாள். "அக்கா, நான் கரெக்டா சொன்னனா?"

"கரெக்டா சொன்னே."

பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன். இந்தத் தடவை தெர்மாமீட்டர் தேவைப்படவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

ஒவ்வொரு முறை கேட் சத்தம் கேட்கும்போதும் போலீஸ் என்று நினைக்கிறேன். பால்காரர். கேஸ் சிலிண்டர். மறுபடி பால்காரர்.

நவம்பர் 12, புதன்

இன்று கேட் திறந்து வந்தது வேலாத்தாக்கா.

கையில் தேனுவின் சாப்பாட்டுப் பை. பஸ்ஸைக் கரையேற்றியபோது சேற்றில் கிடைத்ததாம். துவைத்து, காயவைத்து, அறுந்திருந்த வாரைத் தைத்துக் கொண்டுவந்திருந்தார். அம்மா வாசலோடு வாங்கிக்கொண்டு, "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். முன்பெல்லாம் காப்பி குடிக்காமல் விட மாட்டார்.

திண்டாட்டம் என்னவென்றால் நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

"கண்ணு, நீ கம்ப்யூட்டரு படிக்கிற புள்ள. உன்னையக் கேக்கலாம்னு வந்தேன்." கண்ணெல்லாம் உள்ளே போய்க் கிடந்தது. "போனு நனைஞ்சு செத்த பொறவு, அதும்பாட்டுக்கு நாம பேசற மாதிரியே பேசுமா சாமி? என்ற பேரெல்லாம் போட்டு?"



"தெரியலீங்க்கா."

"நானே அனுப்பி எனக்கே மறந்துபோச்சோன்னு கூட இருக்குது. அந்தத் தண்ணியில என்ன பண்ணேன்னு முழுசா ஞாபகமில்ல. ஊரே சொல்லுதே." தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சஹானாப் பாப்பாவ வார்டுக்கு மாத்திட்டாங்களாமா. அது போதும். போறேன் கண்ணு."

சாப்பாட்டுப் பையில் ஸ்பூன்கூட இருந்தது. பளபளவென்று.

நவம்பர் 13, வியாழன்

நாளை குழந்தைகள் தின விழா கிடையாது. அதற்குப் பதில் பேரன்ட்ஸ் மீட்டிங். எல்லார் முன்னாலும் வேலாத்தாக்காவை வேலையிலிருந்து நீக்கி, போலீஸிடம் அறிக்கை கொடுக்கப்போகிறார்கள்.

ஹசீனாவிடம் பேசினேன். பிறகு லேபுக்குப் போய், அழித்த வரியைத் திரும்பப் போட்டேன். எழுத்து மாறாமல்.

இன்றைய கையெழுத்தைப் பார்த்தால் அம்மா என்னுடையது இல்லை என்பார்.

நவம்பர் 14, வெள்ளி

ஹாலில் இருநூறு பேர் இருப்பார்கள். மேடைக்குக் கீழே ஓரமாக வேலாத்தாக்கா நின்றிருந்தார். உட்காரச் சொல்லி யாரும் நாற்காலி போடவில்லை. மேஜைமேல் செத்துப்போன அந்த போன் ஒரு பாலிதீன் கவருக்குள் இருந்தது. கரஸ் காகிதத்தைக் கையில் எடுத்தபோது நான் எழுந்து முன்னால் போனேன். 

"சார், ஒரே ஒரு நிமிஷம்." குரல் கிறீச்சிட்டது. "எல்லாரும் உங்க போனை எடுத்து, பஸ் பக்கத்துல ஏழுன்னு போட்டுக் கேளுங்க."

"ஏம்மா, விளையாடற நேரமா இது?"

"விளையாட்டு இல்லைங்க சார். கேளுங்க."

முதலில் பின்வரிசையில் ஒரு போன் கிணுங்கியது. அப்புறம் நாலு. அப்புறம் ஹால் முழுக்கக் கிண், கிண், கிண். நூறு பேர் முகத்தில் பச்சை வெளிச்சம். யாரோ சத்தமாகவே படித்தார்கள்.

"இதோ வந்துட்டோம் சாமி, அஞ்சே நிமிசம்..."

ஏழாம் நம்பர் பஸ் பத்து நாளாக ஒர்க்ஷாப்பில் கிடக்கிறது. போன் கவருக்குள் கிடக்கிறது. வேலாத்தாக்கா எல்லார் கண்ணெதிரிலும் வெறுங்கையோடு நிற்கிறார். ஒருத்தர் விடாமல் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"இதை அக்கா அனுப்பல. நான் எழுதினது. பஸ் எங்கே இருக்குன்னு சர்வருக்குத் தெரியாதப்ப இப்படிச் சொல்லச் சொல்லி நான்தான் எழுதி வச்சேன். அக்கா பேசற மாதிரியே எழுதி, அவங்க பேரும் போட்டேன். சிரிப்புக்கு." மூச்சு வாங்கியது. "போன வாரம் பயந்துட்டு அழிச்சேன். நேத்து மறுபடி போட்டேன், உங்களுக்குக் காட்டறதுக்கு."

ஹால் வெடித்தது. என்னை அடிக்க வருகிறார்கள் என்றே நினைத்தேன். ஜெனிஃபர் மிஸ் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று, "சரி பாக்காம விட்டது நானுங்க" என்றார்.  சஹானாவின் அம்மா மட்டும் கத்தவில்லை. தன் போனையே வெறித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் வேலாத்தாக்கா என்னிடம் வந்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"அன்னைக்கு நீ வீட்லதானே இருந்தே கண்ணு? காய்ச்சல்னு. நீ அதைப் பாக்கலியா?"

இந்த டைரியில் ஐந்தாம் தேதி ஒன்று எழுதியிருக்கிறேன். போன் சார்ஜில் கிடந்தது, பார்க்கவில்லை என்று. அதற்கு முந்தின பக்கத்திலேயே 4.35, பக்கம் பச்சை என்றும் எழுதியிருக்கிறேன். டைரியில்கூட எனக்கு ஒழுங்காகப் பொய் சொல்லத் தெரியவில்லை.

"பாத்தேங்க்கா. நாலு முப்பத்தஞ்சுக்கு. பச்சையப் பாத்து மொதல்ல நானே நம்பிட்டேன். அம்மாகிட்ட அஞ்சு நிமிஷத்துல வந்துரும்னு சொன்னேன். அப்பறம் நாலு நாப்பதுக்கு, இது நான் எழுதினதாச்சேன்னு ஞாபகம் வந்துச்சு. போன் செத்தாலோ சிக்னல் போனாலோதான் இது வரும்னு எனக்குத் தெரியும்."

"சொல்லலியா?"

"சொன்னா மாட்டிக்குவேன்னு... இப்ப வந்துரும், இப்ப வந்துரும்னு பாத்துட்டே இருந்தேன்."

பின்னால் அம்மா நின்றிருந்தார். எல்லாம் கேட்டது அவருக்கு. அந்த முகத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

வேலாத்தாக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு, "நான் உள்ள அதைச் சொன்னப்ப, ஒவ்வொரு புள்ளையும் எங்கையில இருந்துச்சு சாமி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நவம்பர் 17, திங்கள்

பதினைந்து நாள் சஸ்பென்ஷன். போலீஸ் ஸ்டேஷனில் அப்பாவோடு போய் எழுதிக் கொடுத்தேன். புகாரை மாற்றி எழுதுகிறார்கள், என் பெயர் வருமா என்று தெரியவில்லை. வேலாத்தாக்காவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்னும் சரி என்று சொல்லவில்லையாம். சஹானா வீட்டுக்கு வந்துவிட்டாள், இருமல் மட்டும் இருக்கிறது. அம்மா என்னிடம் "சாப்புடு" என்று மட்டும் பேசுகிறார்.

மிஸ் போன் செய்தார். "அந்தக் கடைசி வரிய நீயே மாத்திக் குடு. ஹசீனா சோதிச்சுப் பாப்பா. அப்பறம் நான் சோதிச்சுப் பாப்பேன்."

இரண்டு மணி நேரம் ஆனது ஒரு வரிக்கு. சிவப்பு. எண் 503, சேவை இப்போது இல்லை என்பதற்கானது. "ஏழாம் நம்பர் பஸ் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கடைசியாகத் தெரிந்த இடமும் நேரமும் கீழே. உடனே கூப்பிடுங்கள்." கீழே ஸ்கூல் நம்பர், டிரைவர் நம்பர்.

படித்தாலே பயமாக இருக்கிறது. மிஸ், "சரியா இருக்கு" என்றார்.

நவம்பர் 24, திங்கள்

மதியத்திலிருந்து மழை. தேனு இன்றுதான் மறுபடி பஸ்ஸில் போனாள். வேலாத்தாக்கா வருகிறார் என்று தெரிந்த பிறகுதான் ஏறினாள்.

4.20. பக்கம் சிவப்பு.

கடைசியாகத் தெரிந்த இடம் காக்காப்பள்ளத்துக்கு முந்தின வளைவு, 4.13. நான் "அம்மா!" என்று கத்தினேன். தையல் மிஷினில் துணி பாதியில் நின்றது. இருவரும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினோம். வழியெல்லாம் வண்டிகள். சஹானாவின் அப்பா பைக்கில் எங்களைத் தாண்டிப் போனார். அவர் மகள் அந்த பஸ்ஸில்கூட இல்லை. யாரோ டிராக்டரையே கிளப்பிக்கொண்டு வந்தார்கள். 

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் பழுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் பஸ் இல்லை.

அக்கரையில், மேட்டில், விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தது. பொன்னுசாமி அண்ணன் இறக்கவே இல்லை. அந்த வளைவில் சிக்னல் போயிருக்கிறது, அவ்வளவுதான். வேலாத்தாக்கா படியில் நின்று, இக்கரையில் சேர்ந்த கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "பதிமூணும் இருக்குது! யாரும் தண்ணில இறங்காதீங்க!"

ஊரைச் சுற்றி, பெரிய பாலம் வழியாக பஸ் வந்தது. தேனு இறங்கியதும் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். வேலாத்தாக்கா என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. தலையை மட்டும் லேசாக ஆட்டினார்.

அம்மா பெரியவர்களோடு பின்னால் வந்தார். நாங்கள் இருவரும் முன்னால் நடந்தோம். சேறு, இருட்டிக்கொண்டு வரும் வானம், இன்னொரு இடி.

"அக்கா, வீட்டுக்குப் போக எவ்ளோ நேரமாகும்?"

அந்த வசனம் வாய் வரைக்கும் வந்தது.

"தெரியலடீ" என்றேன்.

தேனு விரலை விட்டுவிட்டு, கையை முழுசாகப் பிடித்துக்கொண்டாள்.